சொல்லிவைத்த கேள்வி

சுந்தராம்பாளின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு ஓய்வு பெற்று மகனோடு பம்பாய்க்குப் போய்விட்டார். நஞ்சன்கூட்டிலிருந்து மைசூரின் ஹெப்பாள் தொழிற்சாலைகளுக்கு பஸ்ஸில் வந்துபோகும் பெண்களைப் பற்றிய அவளுடைய ஆராய்ச்சி பாதியில் நின்றது. வேறு கைடு கிடைக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். மைசூரில் அவளுக்கு ஓர் அறை இருந்தது. சாமராஜநகரில் ஒரு கல்லூரியில் பகுதிநேர வேலை. சொந்த ஊரான ஹனூரிலிருந்து அண்ணன் எப்போதாவது வருவார். என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. எப்போது முடியும் என்று கேட்பார்.

தொண்ணூற்றாறில் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. ஆய்வுக் கட்டுரையை எப்படி எழுதுவது, அதைச் சபையில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நடத்தியவர் பேராசிரியர் சேகரன். தனக்குக் கைடாக இருக்க முடியுமா என்று சுந்தராம்பாள் அவரிடம் போய் நின்றாள்.

"கடைசி நாள் பேசுங்கம்மா. விவாதம் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பக்கத்து நாற்காலியில் லீலா. மைசூரில் பிறந்தவள், பேச்சில் கன்னடம் கலக்கும், சுந்தராம்பாளைவிடப் பத்து வயது இளையவள். மைசூர்த் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி.

"பேசி முடிச்சதும் கேள்வி வரலேன்னா என்னங்க பண்றது?" என்று அவளிடம் கேட்டாள் சுந்தராம்பாள்.

"அய்யோ, இதுகூட கொத்தில்லையா, தெரியாதா மேடம்? முன்னாடியே ஒருத்தர்கிட்ட கேள்வியச் சொல்லி வெச்சிடணும். இங்க எல்லாரும் அப்படித்தான். நீங்க என்னைக் கேளுங்க, நான் உங்களைக் கேக்கறேன். ஆயித்தா?"

"பொய்க் கேள்விங்களா?"

"பொய் இல்ல மேடம். மொய்! வெச்சா திரும்பி வரும்."

சுந்தராம்பாள் சிரித்துவிட்டாள். அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பேசிக்கொண்டபடி, எத்தனை வீடுகளைப் பார்த்தீர்கள் என்று அவள் லீலாவைக் கேட்க வேண்டும். ஹெப்பாளிலேயே அறை எடுத்துத் தங்காமல் அந்தப் பெண்கள் ஏன் தினமும் வந்துபோகிறார்கள் என்று லீலா அவளைக் கேட்பாள்.

கடைசி நாள் லீலா முதலில் பேசினாள். பதற்றத்தில், எத்தனை வீடுகள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள். சுந்தராம்பாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இனி அந்தக் கேள்வியைக் கேட்டால் தான் எதையுமே கவனிக்கவில்லை என்றாகிவிடும் என்று பட்டது. தவிர, வேறொன்று அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. எழுந்தாள்.

"அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போடும்போது எந்த மொழியில் போடுகிறார்கள்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். "நல்ல கேள்வி" என்று சேகரன் முன்னால் சாய்ந்தார். லீலா திரையைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அதைப் பார்க்கவில்லை" என்றாள்.

"அதைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்?" என்றார் சேகரன்.

அடுத்தது சுந்தராம்பாள். புரொஜெக்டர் விளக்கின் சூடு கையில் பட்டது. சொல்லிவைத்த கேள்விக்கான பதிலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னாள். முடித்ததும் லீலாவைப் பார்த்தாள். லீலா பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கேள்விகள்?" என்றார் சேகரன். காத்திருந்தார். மறுபடி கேட்டார். வெளியே சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"தெளிவாப் பேசினீங்க" என்று பிறகு வராந்தாவில் சொன்னார். "ஆனா யாருக்கும் எதுவும் கேக்கத் தோணலையே அம்மா. எங்கிட்ட இப்பவே ஆறு பேர் இருக்காங்க. வேற யாரையாவது பாருங்களேன்."

லீலா கை கழுவும் இடத்தில் நின்றிருந்தாள்.

"ஏன் மேடம் அப்படிச் செஞ்சீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"நெசமாத் தெரிஞ்சுக்கோணும்னுதான் கேட்டனுங்க."

"தெரிஞ்சுக்கவா? அங்க யாராவது அதுக்குக் கேப்பாங்களா?"

லீலா போய் மற்றவர்களோடு உட்கார்ந்தாள். அந்த மேசையில் இடம் இருந்தது. சுந்தராம்பாள் தட்டோடு ஜன்னல் பக்கம் போனாள். அந்தப் பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போடுவார்கள் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. இனி லீலாவிடம் கேட்க முடியாது.