ஆறு மாதம் நான் வைத்திருந்த பெயர்

ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் என் ஊர்க்காரர். பல்கனியில் நான் பழைய மெத்தையைப் போட்டுவைத்தால் அவருடைய கையெழுத்தோடு கடிதம் வரும். ஊரில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு வேலிதான். ஆனால் அவருடைய ஆட்கள் ஒரு காலத்தில் எங்கள் ஆட்களின் அடிமைகள். சட்டம் அவர்களை விடுவித்து எத்தனையோ தலைமுறை போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. என் சின்ன வயதிலும் அவருடைய தகப்பனுக்கு எங்கள் முற்றத்தில் தனித் தகரப் பேணியில்தான் தேத்தண்ணி.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவர் என்னை நீ என்பார். நான் நீங்கள் என்பேன். மரியாதை என்று சொல்லிக்கொள்வேன். பயம் என்பதுதான் சரி.

போன வசந்தத்தில் டுக்னாட் நடந்தது. குடியிருப்பில் உள்ள எல்லாரும் கூடி முற்றம் துப்புரவாக்கும் நாள் அது. கதைக்கத் தேவையில்லாத வேலையாகப் பார்த்து, குப்பைப் பெட்டிகளுக்குப் பின்னால் இலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் அங்கேயும் வந்துவிட்டார். மகள் ஒரு நோர்வேஜியப் பெடியனைக் கட்டப்போகிறாளாம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பண்ணையில் பல நூறு வருடமாக வாழ்ந்தவர்களின் பெயர்கள் உள்ள தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார்களாம். இரண்டு பக்கத்து முன்னோரின் பெயர்களையும் கலியாணத்தன்று வாசிக்கவேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. இவர் பக்கத்தில் அப்பப்பாவுக்கு மேல் ஒரு பெயரும் இல்லை.

"ஒரு மனிசி இருந்தவ. விடுதலையாகி முதன்முதல் சொந்தமா அடுப்பு மூட்டினது அவதானாம். பேர்தான் ஒருத்தருக்கும் தெரியேல்லை," என்றார்.

எனக்குத் தெரியும். காணிப் பிரச்சினை ஒன்றுக்காகத் தேடி எடுத்த பழைய சீதன உறுதிப் பத்திரத்தை, அதற்கு முந்தின வாரம்தான் என் மச்சான் ஊரிலிருந்து படம்பிடித்து அனுப்பியிருந்தான். எங்கள் பூட்டிக்கும் முந்திய ஒருத்திக்குக் கொடுத்த சீதனம்: வயல், கிணற்றில் பங்கு, பனைகள், எருது ஒரு சோடி, பிறகு ஒரு பெண், அவளுடைய மகள், அவர்களுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள். பெண்ணின் பெயர் தெளிவாக இருந்தது. அவள் இருந்த வளவின் பெயரும் இருந்தது. தலைவருடைய ஊர்வீடு இன்றும் அந்த வளவில்தான் நிற்கிறது.

நான் "ஓம், கவலையான விசயம்தான்" என்று சொல்லிவிட்டு இலை வாரினேன்.

அதன்பிறகு எத்தனையோ தரம் சொல்ல வெளிக்கிட்டேன். ஒருநாள் அவர் கதவு மணியை அடித்துவிட்டு, உடுப்புத் தோய்க்கும் அறையின் பூட்டுக்குத் திறப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். திறப்பு அதில்தான் இருந்தது.

இலையுதிர்காலத்தில் ஒருவழியாக அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். விடியத் தொடங்கி எனக்குக் கோப்பை யோசனை. சாதாரணக் கோப்பையில் கொடுத்தால் குறைவாக நினைப்பாரோ? கடைசியில் அவருக்குத் தங்கக்கரை போட்ட கோப்பையில் கோப்பி வார்த்தேன். எனக்கு, காது உடைந்த பழைய கோப்பை. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒஸ்லோவிலையும் எனக்கு வேறை கோப்பைதான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கோப்பைகளை மாற்றப்போய் மேசை முழுக்கக் கோப்பியை ஊற்றினேன். துடைத்த கையோடு போனை நீட்டிவிட்டேன்.

அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அந்தப் பெயரை உதட்டுக்குள் இரண்டு தரம் சொன்னார். விடுதலை கொடுத்த சட்டத்தில் அவளுடைய பெயரை யாரும் எழுதவில்லை, சொத்தாக இருந்தபோதுதான் எழுதியிருக்கிறார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சங்கக் கணக்கறிக்கையில் ஒரு பிழையைக் காட்டுவதுபோலச் சொன்னார்.

எங்கள் முன்னோருக்காக மன்னிப்புக் கேட்டேன்.

"அப்ப நீ பிறக்கேல்லை. அதுக்கு நீ ஏன் கேக்கிறாய்? இது எப்ப உனக்கு வந்தது?"

போனிலேயே திகதி இருந்தது. அவர் விரல்விட்டு எண்ணினார்.

"ஆறு மாசம் அவவை நீ வைச்சிருந்திருக்கிறாய். அதுக்குக் கேள்."

கேட்டேன்.

எழும்பிப் போகிறபோது வாசலில் நின்று சொன்னார்: "கலியாணத்திலை இதை நீதான் வாசிக்கிறாய். பேரை மட்டுமில்லை, பட்டியல் முழுக்க. எழுதினது உங்கடை ஆக்கள்தானே."

பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களில் சொந்தப் பெயரைச் சொல்லவே மனைவியைப் பார்ப்பவன் நான். இப்போது குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, முதலில் தமிழிலும் பிறகு நோர்வேஜியத்திலும் வாசித்துப் பழகுகிறேன். வயலும் கிணறும் பனையும் சுகமாகப் போகின்றன. எருதுச் சோடிக்கும் அந்தப் பெயருக்கும் நடுவில் ஓரிடத்தில் மூச்சுவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.