மாசி சம்பல் மட்டும்

நடுவட்டம் கடைத்தெருவைத் தாண்டிக் கூடலூர்ப் பக்கம் இறங்கினால் முதல் வளைவில் ஒரு தகரக் கடை வரும். கடைக்குப் பெயர் கிடையாது, பலகைதான் உண்டு. "ரொட்டி, மாசி சம்பல், பிளேன்டீ மட்டும்" என்று எழுதியிருக்கும். மற்ற எழுத்தெல்லாம் கறுப்பு, "மட்டும்" சிவப்பு. பெயின்டர் எழுதிக் கொடுத்த பலகையில் அந்தச் சொல்லை வேலாமணி தன் கையாலேயே பிறகு சேர்த்தாள். அதனால் அது கோணலாகவும் மற்றதைவிடப் பெரிதாகவும் இருக்கும். தோசை உண்டா, பால் டீ உண்டா என்று யாராவது கேட்டால் அவள் வாய் திறப்பதில்லை. கரண்டியை நீட்டிப் பலகையைக் காட்டுவாள்.

வேலாமணி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில். சிறுமியாகக் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நடுவட்டம் வந்து சேர்ந்தவள். கூடை சுமக்கத் தோள் பலப்பட்டதுமே கொழுந்து பறிக்கப் போனாள். தோட்டத்து ஃபேக்டரியில் வேலை பார்த்த மூக்கனைக் கட்டிக்கொண்டாள். இந்த மண்ணில் எத்தனை வருடம் இருந்தாலும் கடைவீதியில் அவர்களுக்குப் பெயர் சிலோன்காரங்கதான். மாவு தின்கிறவர்கள் என்றும் சொல்வார்கள். சொன்னதில் பொய்யில்லை. இலங்கைத் தோட்டங்களில் ரேஷனுக்குக் கோதுமை மாவு போட்டார்கள். அதில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டிக் கல்லில் சுட்டால் ரொட்டி. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, மாசி எல்லாவற்றையும் அம்மியில் நசுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தால் சம்பல். மாசி என்பது சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது. கட்டை மாதிரி இருக்கும். அதை மீன் என்று வேலாமணியின் வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. உப்பு, பெருங்காயம், மாசி என்று அடுப்பங்கரைப் பலகையில் மூன்று டப்பாக்கள் வரிசையாக இருக்கும். விரத நாளில் மீன்குழம்பை நிறுத்துவார்கள். மாசி டப்பாவை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

பிறகு தேயிலை விலை விழுந்தது. சின்னத் தோட்டக்காரர்கள் பறித்த கொழுந்தை வாங்க ஆளில்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். அது குவியல் குவியலாகக் கறுத்து நாறியது. பெரிய தோட்டத்திலும் சில பகுதிகளைக் கவாத்து செய்யாமல் விட்டதில் செடி மரமாகி ஆளை மறைத்தது. வேலாமணிக்கு அரைப்பேர்தான் விழுந்தது, அதாவது பாதி நாள் கூலி. பிறகு அதுவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஃபேக்டரிச் சங்கு ஊதாத நாட்களில் மூக்கன் கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்தான்.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சுரேந்திரன் சாலை மேட்டில் ஒரு உணவகம் கட்டித் திறந்தார். கண்ணாடிச் சன்னல், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மேசைகள், வாசலில் "உயர்தர சைவ உணவகம்" என்ற பலகை. ஊட்டிக்குப் போகும் சுற்றுலா வேன்களெல்லாம் அங்கே நின்றன. வேலாமணிக்குச் சமையலறையில் அரைக்கிற வேலை கிடைத்தது. காலையில் சமையலறை ஆட்களுக்கு அவளே ரொட்டி சுட்டாள். மாசியை முந்தானையில் முடிந்து வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சம்பல் இடித்தாள். அந்த வாசனை மேசைவரைக்கும் போனது. ஒரு வேன்காரக் குடும்பம் அது என்ன என்று கேட்டு வாங்கித் தின்றது. இன்னும் கேட்டது. அடுத்த வாரமே பலகையில் ஒரு வரி கூடியது: "சிலோன் ரொட்டி, சம்பல், எங்கள் ஸ்பெஷல்."

அதன்பிறகு வேன்கள் அதற்காகவே நின்றன. ஊட்டியில் அறை எடுப்பவர்கள் வழிகேட்கும்போதே சிலோன் ரொட்டிக் கடை எங்கே என்று கேட்டார்களாம். சுரேந்திரன் அவளை எல்லார் முன்னாலும் அம்மிணி என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன். கேலிக்கு ஆளான சாப்பாட்டை ஊரார் கைநீட்டி வாங்கித் தின்றார்கள்.

ஒரு நாள் அரிசி மூட்டை பார்க்கச் சமையலறைக்கு வந்த சுரேந்திரன் அம்மியோரம் கிடந்த கட்டையை எடுத்துப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இதென்ன பட்டைங்களா?"

"மாசிங்க மொதலாளி."

"மாசின்னா?"

"கடல்ல புடிக்கிறதுங்க. சூரை. அவிச்சுக் காய வச்சது."

அவர் கையிலிருந்ததைப் போடவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. பல்லியைப் பிடித்துவிட்டவர் போல நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். சத்தம் போடாமலேயே திட்டினார். அவர் திட்டியது வேலாமணியின் காதில் பாதிகூட விழவில்லை. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து தின்ற முகங்கள், சைவம்தானே என்று கேட்டுவிட்டு உட்கார்ந்த அம்மாமார்கள், ஒவ்வொருவராக அவள் கண் முன்னால் வந்து நின்றார்கள். வந்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் முனகியபோது அவர் வாயை மூடச் சொன்னார். அம்மியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அன்றிலிருந்து மாசி இல்லாத சம்பல்தான். அவருடைய பலகை, அவருடைய கடை, அவர் சொல்வது நியாயம் என்று அவளும் அப்படியே இடித்தாள். ஆனால் அதைச் சம்பல் என்று சொல்ல அவளுக்கு நா வரவில்லை. மிளகாய் என்றுதான் சொன்னாள்.

நாக்கு ஏமாறவில்லை. போன தடவை சாப்பிட்ட மாதிரி இல்லையே என்று வந்தவர்கள் சொன்னார்கள். கொஞ்ச நாளில் வேன்கள் நிற்காமல் போக ஆரம்பித்தன. ஊரில் யார் கையிலும் காசு ஓட்டமில்லாத காலம். வெளியூர் வண்டியும் நிற்காவிட்டால் கண்ணாடிச் சன்னலைத் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மார்கழிக் கூட்டம் தொடங்கிய ஒரு காலையில் சுரேந்திரன் மறுபடி சமையலறைக்கு வந்தார். மறுபடி கதவைச் சாத்தினார். இந்தத் தடவை குரலில் குழைவு இருந்தது.

"அம்மிணி, அந்தக் கட்டை இருக்குதுங்களா? கொஞ்சமாப் போடுங்க. நல்லா நைஸா அரைச்சுருங்க."

"சைவக் கடைங்களே மொதலாளி."

"யாருக்குத் தெரியப் போகுது? இத்தன நாள் தின்னவன் செத்தா போயிட்டான்?"

வேலாமணி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். அவசரப்படவில்லை.

"அன்னைக்குத் தெரியாமப் போட்டேன். அது தப்பு. இன்னைக்குத் தெரிஞ்சு போட்டா அதுக்குப் பேரு வேற. மாசி போட்டா மாசின்னு எழுதுங்க, இடிச்சுத் தர்றேன். எழுத மாட்டீங்கன்னா என் கை போடாது."

அவருக்கு முகம் சிவந்தது. தோட்டமே மூடிக் கிடக்கிற காலத்தில் வேறு எங்கே போவாய் என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சைவக்காரர்களுக்கு மீனைத் தின்னக் கொடுத்தவள் இவள்தான் என்று நான் வெளியே சொன்னால் உன்னை எவன் வாசலில் சேர்ப்பான் என்றும் கேட்டுவிட்டார்.

அவள் பயந்துபோய்ப் பேசாமல் இருப்பாள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். அவள் சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு மேசைகள் இருந்த பக்கம் போனாள். ஒரு வேன் கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஓரத்து மேசையில் ஊட்டி–கூடலூர் பஸ் ஓட்டும் ஞானசீலன் தனக்கு வழக்கமாகக் கிடைக்கும் இலவசப் பூரியைத் தின்றுகொண்டிருந்தார். வேலாமணி அதுவரை அந்தத் தரையில் துடைப்பத்தோடுதான் நின்றிருக்கிறாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இங்க சிலோன் சம்பல் செஞ்சது நான்தான். போன மாசம் வரைக்கும் அதுல மாசி போட்டேன். மாசி மீனு. எங்க வீட்டுல அதை மீனா நெனைக்கிறதில்ல, தெரியாமப் பண்ணிட்டேன். மொதலாளிக்கும் அப்பத் தெரியாது. இன்னைக்கு வச்சிருக்கிறதுல இல்ல, பயப்படாமச் சாப்பிடுங்க. முன்னாடி தின்னவங்க மன்னிக்கணும்."

சன்னலோரம் இருந்த ஒரு வயதான அம்மாள் கேட்டாள், "ஐப்பசியில நாங்க வந்தப்பவும் போட்டியா?"

"போட்டேம்மா."

அந்த அம்மாள் எழுந்து வாசலுக்குப் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். திரும்பி வந்து உட்காரவில்லை. வேலாமணி அதைக் கடைசிவரை நின்று பார்த்தாள். பார்க்காமல் போவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. அதன்பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியேறினாள். பின்வாசல் வழியாக வந்து போனவள் முன்வாசலில் இறங்கியது அந்த ஒரு நாள்தான்.

வீட்டில் மூக்கன் குதித்தான். பிழைக்கத் தெரியாதவள் என்றான், ஊர்ச் சைவத்துக்கு உனக்கென்ன கவலை என்றான். அவன் பேசி ஓய்கிறவரை அவள் மாவு பிசைந்தாள். மறுநாள் வளைவில் தகரம் போட்டு, கல்லையும் அம்மியையும் கொண்டுபோய் வைத்தாள். கத்தியவன்தான் மூங்கில் வெட்டிக் கால் நட்டான், கத்திக்கொண்டே நட்டான்.

முதல் ஆளாக வந்து பஸ்ஸை நிறுத்தியவர் ஞானசீலன். எட்டிப் பார்த்து, "அக்கா, நேத்து ஊரைக் கூட்டிச் சொன்னீங்களே, அந்தத் திருட்டு மீனு மிச்சம் இருக்கா?" என்றார்.

"திருட்டு மீனு மேல கடையில கேளுங்க. இங்க மாசிதான் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சும்மா போடும் வழக்கம் இங்கே உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். வண்டி நிற்காதே என்றார். வண்டி நிற்க வேண்டாம், பசிக்கிறவன் நின்றால் போதும் என்றாள். அவர் காசு கொடுத்துத் தின்றார். கண்ணில் தண்ணீர் வரவர இரண்டாவது தடவையும் சம்பல் கேட்டார். அடுத்த நாளும் நிறுத்தினார்.

டீயும் அவள் ஊர் முறைதான். பால் கிடையாது. பால் ஊற்றினால் நல்ல தூளும் கழிவுத் தூளும் ஒரே நிறம், விலை விழுந்ததே அப்படி விற்றுத்தான் என்பாள். கிளாஸில் வெறும் சாயம், உள்ளங்கையில் சீனி. நக்கிக்கொண்டு ஒரு வாய், மறுபடி நக்கிக்கொண்டு ஒரு வாய். சீனிப் பஞ்சத்தில் இலங்கைத் தோட்டத்து ஜனங்கள் பழகிய பழக்கம். புதிதாக வருகிறவர்கள் கையிலிருக்கும் சீனியைக் கிளாஸில் கொட்டிவிட்டு எதனால் கலக்குவது என்று தேடுவார்கள். வேலாமணி ஸ்பூன் தரமாட்டாள். கிளாஸைப் பிடுங்கி, புதுச் சாயம் ஊற்றி, மறுபடி கையில் சீனி வைப்பாள்.

சைவக்காரர்கள் வாசனை பிடித்து வந்தால் அவர்கள் உட்காருவதற்கு முன்பே பலகையைக் காட்டுவாள். மாசி போடாமல் கொஞ்சம் இடித்துத் தரக்கூடாதா என்று கெஞ்சியவர்கள் உண்டு. அதே அம்மிதான், முடியாது என்றுவிடுவாள். ரொட்டியும் ஒரு துண்டு வெல்லமும் கொடுப்பாள், வேண்டுமானால் தின்னலாம். எத்தனையோ பேர் எழுந்து போயிருக்கிறார்கள். கல் காய்ந்து கிடந்த நாட்களும் இருந்தன. அந்த வாரங்களில் வீட்டிலும் ரொட்டிதான், சம்பல் மட்டும் கடைக்கு. அப்போதும் முடியாது என்றால் முடியாதுதான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம் சுரேந்திரனே குடையோடு இறங்கி வந்தார். மேலே மேசைகள் காலி என்று ஊருக்கே தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தார், டீ கேட்டார். மாசி போட்டாலும் பரவாயில்லை, சைவம் என்ற போர்டையே கழற்றிவிடுகிறேன், தனி அடுப்பு கட்டித் தருகிறேன், திரும்பி வா என்றார். பொய்யாகச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேலாமணி சாயத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"மாசின்னு எழுதுவீங்களா?"

அவர் தயங்கினார். "கருவாடுன்னு எழுதுனா டூரிஸ்ட்டுக்காரன் உள்ள வருவானுங்களா, அம்மிணி? சிலோன் ஸ்பெஷல்னு மட்டும் போட்டுக்கலாம். கேக்கறவனுக்குச் சொல்லிக்கலாம்."

அவள் அவர் கையை நீட்டச் சொல்லிச் சீனி வைத்தாள். அவர் ஏதோ யோசனையில் அதைக் கிளாஸில் கொட்டிவிட்டு ஸ்பூனுக்குக் கை நீட்டினார். அவள் புதுச் சாயம் ஊற்றவில்லை. முதலாளி இப்படியே குடிச்சுட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் குடை வளைவைத் தாண்டி, மழையும் விட்ட பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மழையில் பலகை வெளுத்திருந்தது. கறுப்பு எழுத்துக்களைத் தொடவில்லை. "மட்டும்" என்பதன் மேல் சிவப்பை இழுத்து, காய்வதற்குள் அதே இடத்தில் இன்னொரு தடவையும் இழுத்தாள். கீழே பஸ் ஹார்ன் அடித்தது. கல் சூடாக இருக்கிறதா என்று ஞானசீலன் சத்தம் கொடுத்தார். இருக்கிறது, இறங்கி வாங்க என்று அவள் மேலிருந்தபடியே சொன்னாள்.