மஞ்சள் நூல் போட்ட மடிசார்

பாகீரதி அக்காவைப் பற்றி யாராவது "பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவப்பட்டே ஆக வேண்டுமென்றால் அவரோடு மோதியவர்களைப் பார்த்துப் பாவப்படட்டும்.

நான் செண்பகவல்லி, தாராவிக்காரி. நாங்கள் இருவரும் பம்பாய் வி.டி. ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்குகளாக இருந்தோம். நான் சயானில் வண்டி ஏறுவேன். அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்காவில் அக்கா ஏறுவார். லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், எனக்கு ஓர் இடம் கிடைத்தால் அதில் பாதி அவருக்கு. அப்படி ஒட்டிக்கொண்டதுதான் எங்கள் பழக்கம். அவர் ஐயங்கார் வீட்டுப் பெண். நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். மத்தியானம் சாப்பிடும்போது என் சோற்று டப்பாவில் கருவாடு இருந்தால் மூடியே வைத்திருப்பேன். "திறடி, வாசனை ஏற்கெனவே வந்தாச்சு" என்பார்.

ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம் இருக்கும்போது அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கை வீங்கிப்போய், தோளுக்கு மேல் தூக்க முடியாமல் ஆகிவிட்டது. ரயில் கூட்டத்தில் அந்தக் கையோடு தொங்க முடியாது என்று வேலையையும் விட்டுவிட்டார்.

நோய் போனபிறகு வம்பு பண்ணியது ரவிக்கைதான். இடது கை உள்ளே போகாது. இடது பக்கம் முன்னால் தொளதொளவென்று தொங்கும். தெருமுனைத் தையற்காரர் அளவெடுத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தைத்துக் கொடுத்தார். திரும்பப் போய்ச் சொன்னதும், என்ன ஆச்சு ஆண்ட்டி என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறார். கடையில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.

"அவன் நல்லவன்தாண்டி. ஆனா ஒவ்வொரு ரவிக்கைக்கும் நான் போய் அவன் மூஞ்சியிலே அந்த துக்கத்தைப் பார்த்துட்டு வரணுமா? நானே தைச்சுக்கறேன்" என்றார் என்னிடம்.

என் தம்பி மாரிக்கண்ணன் தாராவியில் துணிப் பட்டறை வைத்திருக்கிறான். வீட்டில் தைக்கும் சின்ன மோட்டார் மிஷின் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. அதைக் கொண்டுபோய் அக்கா வீட்டு ஹாலில் ஜன்னலோரம் வைத்தோம். வாத்தியார் என்று யாரும் கிடையாது. போனில் வீடியோ பார்ப்பது, தைப்பது, திட்டிக்கொண்டே பிரிப்பது, மறுபடி தைப்பது. முதலில் தைத்த தலையணை உறைக்கு வாயே இல்லை, நாலு பக்கமும் மூடிவிட்டார். அவர் வீட்டுக்காரர் திருவேங்கடம் சாருக்குப் பைஜாமா தைத்ததில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. அந்த மனிதர் அதையும் போட்டுக்கொண்டு, "ஒரு கால் வெயிலுக்கு, ஒரு கால் மழைக்கு" என்று வீடு முழுக்க நடந்தார். நல்ல மனிதர். தன் அக்காள் விஜயலட்சுமியைக் கண்டால் மட்டும் நாக்கு உள்ளே போய்விடும்.

கடைசியில் ரவிக்கை வந்தது. இடது கை இரண்டு விரல் அகலம் கூட. இடது பக்கம் உள்ளே பஞ்சு வைக்க ஒரு பை. கொஞ்ச நாள் பஞ்சை வைத்துக்கொண்டு போனார். ஒருநாள் பார்த்தால் பையும் இல்லை, பஞ்சும் இல்லை. இடது பக்கத்தைத் தட்டையாகவே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்து நிற்கிறார்.

"என்னக்கா இது?"

"இல்லாததை இருக்குன்னு காட்டி யாருக்கு என்ன ஆகணும்? எனக்கு வேர்க்கறது" என்றார், வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடியே.

சொந்தக்காரர்கள் வந்தால் அந்த மிஷினைப் பார்த்து, "பாகீரதிக்கு ஒரு ஹாபி வேண்டாமா, பாவம்" என்பார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பழைய பேன்ட்டைப் பையாக்குவார், பையைத் திரையாக்குவார். மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் பாட்டு வேறு.

அந்தப் பாட்டு நின்றுபோனது விஜயலட்சுமி மாமியின் பேரனுக்குப் பூணூல் போட்ட அன்றைக்கு. ரவிக்கையைத் தானே தைத்துக்கொள்ளலாம். மடிசார் ஒன்பது கஜமாயிற்றே. அதை முன்னால் கொசுவி, காலுக்கு நடுவே வாங்கி, பின்னால் செருகி, மேலே போட அந்தக் கை ஒத்துழைக்குமா? அறைக்குள் நாலைந்து பெண்கள் சேர்ந்து அவருக்குக் கட்டிவிட்டிருக்கிறார்கள். புடவையை உருவிவிட்டு, தோளைப் பிடித்துத் திருப்பி, "கையைத் தூக்கு, தூக்கேன்" என்று மாமி அதட்ட, ரவிக்கை விலகிய இடத்தில் தழும்பைப் பார்த்து ஒருத்தி "ச்சு ச்சு" கொட்டியிருக்கிறாள்.

அன்றைக்கு எனக்குப் போன் செய்து அக்கா அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர்.

"நான் என்ன கொலு பொம்மையா, ஆளாளுக்குப் புடவை சுத்தறதுக்கு? இனிமே கதவைச் சாத்திண்டு நானே கட்டிக்க முடியற புடவையைத்தான் கட்டிப்பேன். என் உடம்பை எவளும் பார்க்கப்படாது. பார்த்துக்கோ."

சொல்லி முடித்த கொஞ்ச நாளில் மகள் சாதனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் வழக்கத்தில் கன்னிகாதானத்தின்போது பெண் அப்பா மடியில் உட்காருவாள். அம்மா சொம்பிலிருந்து தீர்த்தம் வார்ப்பாள். வார்க்கிற அம்மா மடிசாரில் இருக்க வேண்டும். மறுபடியும் அந்த அறை, அந்தப் பெண்கள், அந்த "ச்சு ச்சு".

"தைச்சுடப் போறேன்" என்றார் அக்கா. "பேன்ட் மாதிரி காலை விட்டு ஏத்தி, இடுப்பிலே கொக்கி மாட்டினா முடிஞ்சது."

முதலில் ஒரு பழைய நூல் புடவையில் தைத்துப் பார்த்தார். அளவு கச்சிதம். போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். திருவேங்கடம் சார் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, நாம எப்போ ஐயர் ஆனோம்?" என்றார். வீடியோவில் சொல்லிக்கொடுத்த பெண் ஐயராம். அவர்களுக்குத் தலைப்பு வலது தோளில். இவர்களுக்கு இடது தோளில். அக்கா அதை அப்படியே வலது பக்கம் தைத்து வைத்திருந்தார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் முழுக்கப் பிரித்தார்.

பிறகுதான் கல்யாணத்துக்கு வாங்கிய அரக்குப் பட்டில் கை வைத்தார். அரக்கில் அரக்கு நூல் போட்டால் கண்ணுக்குத் தெரியவில்லை என்று முதல் ஓட்டம் மஞ்சள் நூலில் ஓட்டினார். எல்லாம் சரியாக வந்தபின் பிரித்துவிட்டு அரக்கு நூலில் தைப்பதாகத் திட்டம்.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது அத்திம்பேர் வந்தார். அத்திம்பேர் என்றால் விஜயலட்சுமி மாமியின் கணவர். செம்பூர்க்காரர், பருத்த சரீரம், மெல்லிய குரல். பையிலிருந்து ஒரு பஞ்சகச்சத்தை எடுத்தார். கடையில் விற்கும் ரெடிமேட் சரக்கு, இடுப்பில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்தது.

"இடுப்பு பத்தலைம்மா. கொஞ்சம் விட்டுக் குடேன். விஜிக்குத் தெரிய வேண்டாம். நானே கொசுவிக் கட்டிக்கறேன்னு நெனச்சிண்டிருக்கா" என்றவர் என்னைப் பார்த்ததும் நெளிந்தார். அக்கா ஒன்றும் கேட்காமல் தைத்துக் கொடுத்தார்.

அடுத்து வந்தது மாமி. மிஷின் மேல் கிடந்த பட்டைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன கூத்து? வைதீக காரியத்துக்குத் தைச்ச துணியா? மடி இல்லைன்னு தெரியாதா நோக்கு? நாங்க நாலு பேர் இருக்கோம், கட்டிவிடறோம். முடியலையா, நானும் எங்காத்துக்காரரும் உட்கார்ந்து தாரை வார்த்துக் குடுக்கறோம். நீ கீழே நாற்காலியிலே சௌகர்யமா உட்கார்ந்து பாரு."

பெற்றவளை நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறார்! எனக்கு நாக்கு துடித்தது. திருவேங்கடம் சார் மென்று விழுங்கி ஒரு வழி சொன்னார்: "தைச்சது வெளியே தெரியாம இருந்தா யார் கேக்கப் போறா, பாகீ?"

மாமி போனதும் அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்தார். அரக்கு நூல்கண்டை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார்.

"தெரியாம இருக்கணுமாம். நான் என்ன திருடினேனா, ஒளிச்சு வைக்க?" என்றவர் மஞ்சள் ஓட்டத்தின் மேலேயே இன்னொரு மஞ்சள் ஓட்டம் அழுத்தி ஓட்டினார்.

கல்யாணம் மாட்டுங்காவிலேயே. காலையில் அக்கா அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள, நான் கதவுக்கு முன்னால் நின்றேன். மாமி ஒரு படையோடு வந்தார்.

"தள்ளிக்கோ. நேரமாறது, கட்டிவிடணும்."

"உள்ள ஆளு உடுத்திக்கிட்டு இருக்காவ. உடுப்பு மாத்துத எடத்துல எதுக்கு இத்தன பேரு?" என்றேன். தாராவியில் தண்ணீர்க் குழாயடியில் நின்றவளை நகர்த்திவிட முடியுமா?

கதவு திறந்தது. அக்கா தனியாகக் கட்டிக்கொண்டு தனியாக வெளியே வந்தார். அரக்குப் பட்டு, இடது பக்கம் தட்டையான ரவிக்கை, இடுப்புக் கொசுவத்திலும் பின்கச்சத்திலும் மஞ்சள் நூல் பளிச்சென்று ஓடுகிறது. முகத்தில் அப்படியொரு தெளிச்சி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

நேராக மேடைக்குப் போய் மணையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமியும் பின்னாலேயே போனார்.

"வாத்தியார் ஸ்வாமி, இது தைச்ச புடவை. இதோட கன்யாதானம் பண்ணலாமோ?"

வாத்தியார் தர்மசங்கடமாக நெளிந்தார். "தைக்காம இருந்தா விசேஷம்தான்..."

"கேட்டியா? எழுந்திரு, பாகீரதி. நாங்க உட்கார்றோம்."

திருவேங்கடம் சார் பாதி எழுந்தேவிட்டார். அக்கா அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்து, "உட்காருங்கோ" என்றார். மனிதர் உட்கார்ந்தார். தன் அக்காள் எதிரில் அவர் அப்படி உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"ரவிக்கையும் தைச்சதுதானே அக்கா? இங்கே இருக்கற அத்தனை பேரும் அதை அவுத்துடலாமா?" என்றார் பாகீரதி அக்கா. குரல் உயரவே இல்லை. "சாதனா பால் குடிச்ச மார்பு போயிடுத்து. அவளைத் தாரை வார்க்கக் கை இருக்கு. இந்த மணையை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன். தூக்கிண்டு போறதுன்னா போங்கோ."

நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாமி முகம் சிவந்துபோய்க் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மசமசன்னு நிக்கறேள்? வந்து உட்காருங்கோ!"

அத்திம்பேர் நின்ற இடத்திலேயே வேர்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேவிட்டேன். மணையிலிருந்து அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். வாயை மூடிக்கொண்டேன். அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் விடமாட்டார். அதை அத்திம்பேரும் பார்த்தார்.

"என்னாலே உட்கார முடியாது, விஜி."

"ஏனாம்?"

"நான் கட்டிண்டிருக்கறதும் தைச்சதுதான். இடுப்பை விட்டுக் குடுத்ததே இவதான்."

"என்ன உளர்றேள்?"

அத்திம்பேர் இடுப்பில் கை வைத்தார். சர்ரென்று ஒட்டுப்பட்டை பிரியும் சத்தம் முன்வரிசை முழுக்கக் கேட்டது. "போறும், போறும்" என்று இரண்டு பேர் பதறி ஓடி அவர் பஞ்சகச்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஆரம்பித்த சிரிப்பு பந்தி வரைக்கும் போனது. வாத்தியார், "முகூர்த்தம் தாண்டறது" என்று அவசரமாக மந்திரத்தைத் தொடங்கினார். அக்கா வலது கையில் சொம்பைப் பிடித்து, வீங்கிய இடது கையைக் கீழே தாங்கலாகக் கொடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் வார்த்தார்.

மாமி இன்றுவரை அக்காவோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மட்டும் விடாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கல்யாணத்தில் போட்டோ எடுத்த ராஹில் போன மாதம் ஆல்பம் காட்ட வந்தான். நானும் இருந்தேன். லேப்டாப்பில் கன்னிகாதானப் படம். அவன் அந்த மஞ்சள் தையலைப் பெரிதாக்கிக் காட்டி, "ஆண்ட்டி, யே பீலா தாகா ஹடா தூம்? இந்த மஞ்சள் நூலை எடுத்துவிடவா? இரண்டே நிமிஷம், அரக்கு கலராகவே ஆக்கிவிடுவேன்" என்றான், பாதி இந்தியும் பாதித் தமிழுமாக.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை நெருங்கிப் பார்த்தார். தையல் ஓர் இடத்தில் கோணலாக வேறு போயிருந்தது.

"அதுலே கை வெச்சேன்னா பார்த்துக்கோ" என்றார். "இதையே பெரிசா அடிச்சு, ஃப்ரேம் போட்டுக் கொண்டா."