அஞ்சலாட்சியின் கமா

அஞ்சலாட்சி பிளஸ் டூவில் தவறிய ஒரே பாடம் வேதியியல். நான்கு வருடமாக அவள் சாப்பாடே அதில்தான். முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் லாஸ்பேட்டை போய், பழைய ஆய்வகப் பதிவேடுகளைப் பார்த்து, ஒவ்வொரு ரசாயனத்தின் குணங்களையும் ஆன்லைன் தரவுத்தளம் ஒன்றில் தட்டச்சு செய்வாள். எந்தச் சூட்டில் உருகும், எவ்வளவு கொடுத்தால் எலி சாகும். அந்த எண்களிலிருந்து கற்றுக்கொண்டு, யாரும் இன்னும் சோதிக்காத ரசாயனம் எவ்வளவு விஷம் என்று தளமே கணித்துச் சொல்லும்.

இந்த மாதம் அவளுக்கு வந்தது பிரெஞ்சுப் பதிவேடு. போன வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு அழைத்தாள். நாங்கள் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கும் போனவள்; இப்போது லியோன் என்ற பிரெஞ்சு நகரத்தில் இருக்கிறேன்.

“இங்க பாருடி, 12,5-ன்னு போட்டிருக்கான். கமாவுக்கு அப்புறம் மூணு நம்பர் வரணும்ல? மீதி ரெண்ட அந்த எலி தின்னுடுச்சா?”

சிரித்துவிட்டேன். “அது பன்னெண்டு புள்ளி அஞ்சுடி. இவங்க புள்ளிக்குப் பதிலா கமாதான் போடுவாங்க.”

அவள் பக்கங்களைப் புரட்டுவது கேட்டது.

“அப்ப 1,250?”

“ஒண்ணே கால்.”

“ஆயிரத்தி எரநூத்தி அம்பதுன்னு அடிச்சிருக்கேன்டி.”

ஒன்றேகால் மில்லிகிராமில் கொல்லும் பூச்சிமருந்து, தளத்தில் ஆயிரம் மடங்கு சாதுவாகியிருந்தது. அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியே அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் சரி; அதன்பிறகு திருத்த முடியாது. பக்கத்து மேசை நிர்மலாவும் ஆயிரத்து இருநூற்றைம்பது என்றே படித்திருந்தாள்.

ஐந்து மணிக்குத் தளம் புதிய எண்களைக் கற்கத் தொடங்கும். அதற்குள் ‘சந்தேகம்’ என்று குறித்தவற்றை மட்டுமே ஒதுக்கும்.

மேற்பார்வையாளர் தேவதாஸிடம் ஓடினாள்.

“சிஸ்டமே ஓகேன்னுடுச்சுக்கா. நூத்துக்கு ரெண்டு தப்புக்கு மேல போனா வேல போயிடும். உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்காதீங்க.”

“இத நம்பி யாராவது கையால தொட்டா?”

“திங்கக்கெழம பேசிக்கலாம்.”

திரும்பி வந்து தன் பதிவுகளைத் தானே ஒவ்வொன்றாகக் குறித்தாள். நூறாவதில் அவள் கணக்கு பூட்டிக்கொண்டது. ஒரே ஆள் இவ்வளவு சந்தேகப்பட்டால் இயந்திரம் அந்த ஆளைத்தான் சந்தேகப்படும். வேலை அத்தோடு போயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றே முக்காலுக்கு மறுபடி அழைத்தாள்.

“வெளியாளுங்களும் குறிக்கலாமாம். நீ அங்கேர்ந்து அழுத்துடி. நான் பதிவு நம்பர் சொல்றேன்.”

அவள் சொன்னாள், நான் அழுத்தினேன். நூறில் என் கணக்கும் பூட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் பெயரில் புதிதாகத் திறந்தேன். ஐந்தானபோது அறுபத்தெட்டு மிச்சம். திரையில் பொத்தான்கள் மங்கி, ‘கற்கிறது’ என்று ஒரு வரி வந்தது.

அவள் நிறுத்தவில்லை.

“நாலாயிரத்தி பதினேழு. அழுத்துனியா? நாலாயிரத்தி இருபது. அழுத்துனியாடி?”