பினாயில் வீட்டுப் பொடிமீன்கள்

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையைத் துடைக்கிறவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதரைத் தெருவே 'பினாயில்' என்றுதான் கூப்பிட்டது. வேலை முடிந்தாலும் கை ஓயவில்லை. வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் பின்னால் ஈரத்துணியோடு நிற்பார். யாராவது கொட்டாவி விட்டால்கூடக் கீழே ஏதும் விழுந்ததா என்று குனிந்து பார்ப்பார். நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த வீட்டில் காலை நீட்டி உட்கார எவருக்கும் தைரியம் வராது.

பெற்ற மகளுக்கே வரவில்லை. பேரன் நடக்கத் தொடங்கியதிலிருந்து அவள் காலையில் வந்தால் சாயங்காலம் கிளம்பிவிடுவாள். "இங்க குழந்தை விளையாட ஒண்ணுமில்லப்பா" என்று சாக்கு சொல்வாள். அதை அப்படியே நம்பிய பினாயில், வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை வெட்டினார். பேரன் அதில் தூண்டில் போட வேண்டும், லீவு முழுக்கத் தங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பெரிய மீன் விடுவதற்கு முன்னால், அதற்குத் தீனியாகப் பொடிமீன் பெருகியிருக்க வேண்டும் என்றார் மீன்பண்ணைக்காரர். ஒரு வாளிப் பொடிமீனைக் கொடுத்து, "தண்ணிக்குள்ள நாலு கூரை ஓட்டுத்துண்டைச் சாய்ச்சு வைங்க. மத்ததை அதுங்களே பாத்துக்கும்" என்று அனுப்பினார்.

பினாயிலா சும்மா விடுவார்? தினம் காலையில் ஓடுகளை வெளியே எடுத்து பிரஷ் போட்டுத் தேய்த்தார். அடிப்பக்கம் கசகசா தூவினாற்போல் என்னமோ ஒட்டியிருக்கும். சனியன், தேய்க்கத் தேய்க்க மறுபடி வரும். ஓட்டில் கை வைத்தாலே கறுப்புத்தலை மீன் ஒன்று பாய்ந்து வந்து விரலை முட்டும்.

"பாத்தியா, என்னைக் கண்டா எவ்வளவு பாசம்!" என்றார் மனைவியிடம்.

"அதுக்காவது இருக்கே" என்றாள் அவள்.

வாரங்கள் ஓடின. போட்ட மீன்தான் இருந்தது, ஒரு குஞ்சைக் காணோம். லீவோ நெருங்கிக்கொண்டிருந்தது. மலட்டு மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று பண்ணைக்காரரை வரவழைத்துச் சண்டைக்கு நின்றார்.

பண்ணைக்காரர் ஓர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். முகம் பார்க்கலாம்போல் பளபளத்தது.

"இதை யாரு தேய்ச்சது?"

"நான்தான். தினமும்!"

பண்ணைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவமே! இதுங்க முட்டை ஒட்டுறதே ஓட்டுக்கு அடியிலதாங்க!"

"அப்ப அந்தக் கசகசா?"

"அத்தனையும் முட்டை!"

"கறுப்புத்தலை ஒண்ணு எங்கிட்ட பாசமா வந்து முட்டுமே?"

"பாசமா? அது அப்பன் மீனுங்க! புள்ளைங்களைத் தொடாதேன்னு உங்ககிட்ட மல்லுக்கட்டியிருக்கு."

மனைவிக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. பினாயிலுக்குச் சிரிப்பு வரவில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த அப்பனை நினைக்கப் பாவமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அன்றோடு பிரஷ் பரணுக்குப் போனது. தண்ணீர் பச்சையாயிற்று, பல்லைக் கடித்துக்கொண்டார். ஓடெல்லாம் பாசி படிந்து வழவழத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். லீவு தொடங்கும்போது கரையோரம் குஞ்சுகள் மொய்த்தன.

மகள் வந்தாள். வழக்கம்போல் பையை வாசல்படியிலேயே வைத்தாள். பேரன் நேரே குட்டைக்கு ஓடி, குஞ்சுகளைக் கண்டு கூத்தாடி, முழங்கால்வரை சேற்றோடு "தாத்தா!" என்று கூடத்துக்குள் பாய்ந்தான். வெள்ளைத் தரையெல்லாம் அவன் பாதம்.

பினாயில் எழுந்தார். எழுந்த வேகத்தைப் பார்த்து மகள் குறுக்கே வந்து, பையனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கப்பா, நான் துடைச்சிடறேன். சாயங்காலம் கிளம்பிடுவோம்."

இத்தனை நாளாக அவள் சொன்னது வெறும் சாக்கு என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது.

"துடைக்க வேண்டாம்மா" என்றார். "கிடக்கட்டும். நாளைக்கும் இவன் ஓடுவான்ல, எத்தனை தடவைதான் துடைக்கிறது?"

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பையை எடுத்துவந்தாள்.

"இதை எந்த ரூம்ல வைக்கட்டும்ப்பா?"