ஜெரேனியத்துக்கு விட்ட ஜலம்

கல்கத்தாவில் ஜெரேனியம் மழைக்காலத்தைத் தாண்டாது என்பது பெஹாலா பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்தில் வாங்குவார்கள், பூக்கும், வெயிலில் வாடும், மழையில் அழுகும். தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த டிசம்பரில் வேறு வாங்குவார்கள். ஷியாமளாவுக்கு மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை. அவளுடைய பிடிவாதத்தைப் பற்றி அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தச் செடியைக் கரியாஹாட் சந்தையிலிருந்து வாங்கி வந்தவர் அவள் கணவர் குருமூர்த்தி. துறைமுக அலுவலகத்தில் காலமெல்லாம் அதிகாரம் செய்து ஓய்வு பெற்றவர். அவர் தனியாகக் கடைக்குப் போய், வழி தவறாமல் திரும்பி வந்தது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. இப்போது சட்டைப் பொத்தான் முதல் சாப்பாடு வரை எல்லாம் அவள்தான். அலுப்பு என்று சொல்லக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"புதுசா ஒண்ணு வாங்கிக்கோயேம்மா" என்றான் மகன் அஷ்வத், பெங்களூரிலிருந்து போனில். யோசனை சொல்வதில் அவனுக்கு என்றுமே பஞ்சமில்லை.

"இது அப்பா எனக்குன்னு வாங்கிண்டு வந்ததுடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

துர்கா பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், செடியின் அடித்தண்டு கறுக்க ஆரம்பித்தது. ஷியாமளா நுனிக்கிளைகளைக் கணுவுக்குக் கீழே நறுக்கினாள். அடி இலைகளைக் கிள்ளி, வெட்டிய இடம் காயும்வரை நிழலில் போட்டு வைத்து, மணல் கலந்த மண்ணில் நட்டாள். ஜெரேனியக் குச்சிக்கு வேர் விடும்வரை அதிக ஈரம் ஆகாது. மண் காய்ந்த பிறகே கொஞ்சம் தெளிக்க வேண்டும். அவள் அப்படித்தான் செய்தாள். ஆனாலும் குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அழுகின. தாய்ச்செடியும் போய்விட்டது. மண் எப்போது தொட்டாலும் சொதசொதவென்று இருந்தது. பால்கனியில் சாரல் அடிக்கிறது என்று நினைத்துத் தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்தினாள். மேல் ஃபிளாட் பெங்காலி அம்மாள் உலர்த்தும் ஈரத்துணியையும் சந்தேகப்பட்டாள். போய்ச் சண்டை போடத்தான் தெம்பில்லை.

ஒரே ஒரு குச்சி மிஞ்சியிருந்த காலையில் உண்மை தெரிந்தது. குருமூர்த்தி சந்தியாவந்தனம் முடித்து, பஞ்சபாத்திரத்து ஜலத்தைக் கொண்டுவந்து தொட்டிகளில் பயபக்தியோடு ஊற்றிக்கொண்டிருந்தார். மந்திரம் ஓர் எழுத்து பிசகாது. பண்ணியாயிற்று என்பதுதான் மறந்துபோகும். காபிக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம், சட்டை போடும்போது ஞாபகம் வந்தால் இன்னொரு தரம். ஒவ்வொரு தரமும் செடிகளுக்கு அபிஷேகம்.

"ஏன்னா, நீங்கதானா! எல்லாத்தையும் அழுக வெச்சுட்டேளே!" என்று கத்திவிட்டாள்.

அவர் மிரண்டுபோனார். "கால் படற எடத்துல கொட்டப்படாதே, ஷியாமளா. செடியிலதானே விடணும்?"

சரிதான். அந்த வீட்டில் என்றுமே அப்படித்தான். கத்தியதை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது. அழவும் நேரமில்லை, அடுப்பில் பால் இருந்தது. குச்சி அழுகிப்போன தொட்டிகளை அவருக்கே விட்டுவிட்டு, மிஞ்சிய ஒன்றைச் சமையலறை ஜன்னலை ஒட்டிய அலமாரியின் மேல் ஏற்றினாள்.

குளிர் எட்டிப் பார்த்தபோது அதில் ஒரு புது இலை வந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தாள். குச்சி அசையவில்லை, வேர் விட்டுவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு ஷியாமளாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. தொட்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கணவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இலையைத் தடவி விரலை முகர்ந்தார்.

"நன்னா இருக்கே. எங்காத்துல ஷியாமளாவுக்கு இதுன்னா உசிரு. அவளுக்காகத்தான் நான் தினம் ஜலம் விடறேன்." பிறகு அவளை மரியாதையாக நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாராத்து மாமி?" என்றார்.

ஷியாமளா அவர் மடியில் சாய்ந்திருந்த தொட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பக்கத்தாத்துதான்" என்றாள். "உங்காத்து மாமி வந்தா சொல்றேன்."

தொட்டியை வாங்கிக்கொண்டு போய், அவர் கைக்கு எட்டாத அலமாரியின் மேலேயே திரும்ப வைத்தாள்.