எண்ணெய் வைக்காத தலை

எங்கள் வீட்டில் விஞ்ஞானம் வளர்ந்தது என் தலையில்தான். பென்னலூரில் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் பள்ளிக்கே முதலாவது. அந்தப் பெருமையோடு செல்போன் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து, கடுகைவிடச் சின்ன பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் பர்மனென்ட் ஆகிவிடும், ஆனதும் தபாலில் பி.எஸ்ஸி. சேர்ந்து டீச்சராகிவிடுவேன் என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஷிஃப்டு களைப்பு இருக்காது.

அவள் படித்த பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை. அதனால் லீவு நாளில் தன் போனில் பாடங்களைப் படம்பிடித்து அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். வாளி, துடைப்பக்குச்சி, நான், இவ்வளவுதான் ஆய்வுக்கூடம். புவியீர்ப்புக்காகக் கொய்யா மரத்திலேறி அப்பாவின் செருப்பைக் கீழே போட்டு, அதற்கு அடியும் வாங்கியிருக்கிறேன்.

அடுத்தது நிலை மின்சாரம். சீப்பால் என் தலையை வாரி, அந்தச் சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதைக் காட்ட வேண்டும். ஒன்றுகூட அசையவில்லை. காலையிலேயே அம்மா கை நிறைய தேங்காயெண்ணெய் வைத்து அழுத்திவிட்டிருந்தாள்.

"எண்ணெ வெச்சா பேப்பர் ஒட்டாதுடி" என்று அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மறுவாரம் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி என்னை வெயிலில் உட்காரவைத்தாள். "பொண்ணு தலையப் பாரு, பேயாட்டம் கீது. இன்னா படிப்போ!" என்று அம்மா முணுமுணுத்தாள்.

அந்த வாரம் புதிதாக ஒரு சாமானும் சேர்ந்தது. கம்பெனியில் லைனில் நிற்பவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் ஒயரை மேஜையில் மாட்டிக்கொள்வார்கள். உடம்பிலுள்ள நிலை மின்சாரம் அதன் வழியே பூமிக்குப் போய்விடும், இல்லாவிட்டால் பாகங்கள் பாழ். தினமும் கட்டிப் பழகிய கைக்கு அது இருப்பதே தெரியாது. ஓ.டி. முடித்த களைப்பில் ஒயரை மட்டும் பிடுங்கிக்கொண்டு, பட்டையோடு கம்பெனி பஸ் ஏறிவிட்டாள் அக்கா. கேட்டில் சோதிக்கும் பெண்ணும் கவனிக்கவில்லை. "திங்கக்கெழம வெச்சிடலாம்" என்றாள். டீச்சர் புத்தி, அதற்குள் பாடத்தில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

பட்டையை என் கையில் கட்டி, ஒயரை அடிகுழாயில் கவ்வவிட்டாள். பேசச் சொன்னதைப் பேசிவிட்டு நானாக ஒரு வரி சேர்த்தேன்: "இது எங்க அக்கா கம்பெனி பட்டை!" அக்கா பதறி, அந்த வரி இல்லாமல் இன்னொரு முறை எடுத்தாள். முதலில் எடுத்ததை அழிக்க மறந்துவிட்டாள்.

அதே கம்பெனியில் வேலை செய்த தென்காசி அண்ணன் எங்கள் மாடியறையில் குடியிருந்தார். "ஏ பிள்ள, எனக்கும் அனுப்பு, பயலுவளுக்குக் காட்டுதேன்" என்றார். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போனில் இருந்த இரண்டில், என் வரி இருந்ததைத்தான் அனுப்பினேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் எல்லாரும் பார்த்துக் கைதட்டினார்களாம். சூப்பர்வைசரும் தட்டினாராம், தன் போனுக்கும் அந்தப் பாடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். அதே பஸ்ஸில் முன்சீட்டில், பட்டையைப் பத்திரமாகத் திருப்பிவைக்கப் போய்க்கொண்டிருந்தாள் அக்கா.

புதன்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் கார்டு இல்லை. திருட்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அப்பா போய்க் கெஞ்சியும் கேட்டைத் திறக்கவில்லை. தென்காசி அண்ணன் வாசலில் நின்று, "தெரியாமப் போச்சே, தங்கச்சி" என்று அழுதார். யார் அனுப்பியது என்று அக்கா அவரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

எனக்கு அன்று சந்தோஷம். இனி அக்கா வீட்டிலேயே இருப்பாள், தினம் ஒரு பாடம் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நானாகவே சீயக்காய் போட்டுக் குளித்து, சீப்போடு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்துபோய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். நெற்றியில் வழிய வழிய வைத்து, இறுக்கி, இரட்டைப் பின்னல் போட்டாள்.

"எண்ணெ வெச்சா பேப்பர் ஒட்டாதுக்கா" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.